பொதுப் பள்ளி மாவட்டங்களின் ஒழுங்குமுறைச் சுமையைக் குறைத்தல்

பொதுப் பள்ளி மாவட்டங்களின் ஒழுங்குமுறைச் சுமையைக் குறைத்தல் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்வி நிருவாகத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு சீர்திருத்த முயற்சி ஆகும். அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள் மீது கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் விதித்துள்ள விதிகள், படிவங்கள், அறிக்கைகள், தணிக்கைகள் ஆகியவற்றுள் பயனற்றவற்றை நீக்குவதும், பயனுள்ளவற்றை எளிதாக்குவதும் இதன் நோக்கம். ஒரு விதிக்குக் கீழ்ப்படியச் செலவாகும் பணமும் பணியாளர் நேரமும் கற்பித்தலுக்குச் செல்ல வேண்டியவை என்பதே இதற்குச் சொல்லப்படும் முதன்மைக் காரணம்.

எந்த விதி தேவையற்றது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இன்று சுமையாகத் தெரியும் விதிகளில் பல, ஒரு காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்கோ மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கோ இழைக்கப்பட்ட அநீதியைத் தடுக்க எழுதப்பட்டவை. ஆகவே, விதியின் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, அது தரும் பாதுகாப்பை இழக்காமல் அதற்கான வேலையைக் குறைப்பதே கடினமான பணியாக இருந்து வந்துள்ளது.

பள்ளி மாவட்டம்

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தமிழ்நாட்டின் வருவாய் மாவட்டத்தையோ கல்வி மாவட்டத்தையோ போன்றதன்று. அது பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளூராட்சி அமைப்பு. பெரும்பாலான மாவட்டங்களுக்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கல்வி வாரியம் உண்டு. அந்த வாரியம் கண்காணிப்பாளர் ஒருவரை நியமிக்கிறது. ஆசிரியர் நியமனம், பேருந்து, உணவகம், கட்டடம், வரவு செலவுத் திட்டம் ஆகிய அனைத்தும் மாவட்டத்தின் பொறுப்பாகும். பல மாநிலங்களில் மாவட்டங்களே சொத்து வரியும் விதிக்கின்றன.

நாடெங்கும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் அளவில் பெரும் வேறுபாடு காணப்படுகிறது. நியூயார்க் நகரம், லாஸ் ஏஞ்சலஸ் போன்றவை பல இலட்சம் மாணவர்களைக் கொண்டவை. ஹவாய் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். ஆனால் மாவட்டங்களில் ஏறத்தாழப் பாதியில் 1,000 மாணவர்கள்கூட இல்லை. பெரிய மாவட்டத்தில் மானியங்களைக் கவனிக்கவே தனி அலுவலகம் இருக்கும். சிற்றூர் மாவட்டத்தில் கண்காணிப்பாளரே மானிய விண்ணப்பம் எழுதுவார். சில வேளைகளில் அவரே பள்ளி முதல்வராகவும் இருப்பார். சட்டம் கேட்கும் அறிக்கைகளில் பெரும்பாலானவை இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவானவை.

விதிகள் வரும் வழிகள்

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி பற்றி எதுவும் குறிப்பிடப்படவில்லை. அதனால் அது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பாடத்திட்டம், ஆசிரியர் தகுதிச் சான்று, பள்ளி வேலை நாட்கள், வகுப்பின் அளவு ஆகியவற்றை மாநிலச் சட்டங்கள் வகுக்கின்றன. பொதுப் பள்ளிகளின் வருவாயில் கூட்டாட்சி அரசின் பங்கு வழக்கமாக ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். எனினும் அந்தப் பணத்துடன் வரும் நிபந்தனைகள் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களையும் எட்டுகின்றன.

ஒரு மாவட்டத்தின் மேசைக்கு வரும் விதிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

1. மானிய நிபந்தனைகள்: குறிப்பிட்ட நிதியை எதற்குச் செலவிடலாம், எப்படிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவை.
2. உரிமைச் சட்டங்கள்: மாற்றுத்திறனாளி மாணவர், ஆங்கிலம் கற்கும் மாணவர் முதலியோருக்கு மாவட்டம் செய்ய வேண்டிய கடமைகள்.
3. செயல்முறை விதிகள்: பள்ளி எந்த நாளில் திறக்க வேண்டும், ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருக்கலாம், யார் பாடம் நடத்தலாம் என்பவை.
4. தரவு அறிக்கைகள்: வருகைப் பதிவு, தேர்வு முடிவு, ஒழுங்கு நடவடிக்கை, செலவு முதலியவற்றைக் குறித்த காலத்தில் அனுப்புவது.

விதிகள் தோன்றிய பின்னணி

1965ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் முதலாம் தலைப்பு, ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூட்டாட்சி நிதி வழங்கியது. தொடக்கத்தில் இந்த நிதிக்குக் கட்டுப்பாடுகள் தளர்வாகவே இருந்தன.

1969ஆம் ஆண்டு ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்லூர் ஆகிய இருவரும் தயாரித்த அறிக்கை அந்தத் தளர்வின் விளைவை வெளிப்படுத்தியது. ஏழைக் குழந்தைகளுக்கென வந்த பணத்தைப் பல மாவட்டங்கள் பொதுச் செலவில் கரைத்திருந்தன. கருவிகள், கட்டுமானம், நீச்சல் குளம் என்று அந்தப் பணம் போயிருந்தது. சில இடங்களில், கூட்டாட்சிப் பணம் வந்ததும் அதே பள்ளிகளுக்குத் தாம் கொடுத்துவந்த உள்ளூர் நிதியை மாவட்டங்கள் குறைத்துக்கொண்டன. இதனால் அந்தக் குழந்தைகளுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இதையடுத்து 1970ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நிபந்தனைகளை இறுக்கின. கூட்டாட்சி நிதி உள்ளூர் நிதியுடன் கூடுதலாகச் சேர வேண்டும், அதற்கு மாற்றாக அமையக் கூடாது என்ற விதி அவற்றுள் முதன்மையானது. இன்று மாவட்டக் கணக்கர்கள் நிரப்பும் பல தாள்களின் மூலம் இந்த விதியில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கதையும் இதைப் போன்றதே. 1975ஆம் ஆண்டுக்கு முன்பு 10 இலட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து முற்றிலும் விலக்கி வைக்கப்பட்டிருந்தனர் என்று அமெரிக்கக் காங்கிரசு தன் சட்டத்திலேயே பதிவு செய்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டம், பின்னர் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் என்று பெயர் மாறியது. அது ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்து வடிவிலான தனிநபர் கல்வித் திட்டம் வேண்டும் என்றது. பெற்றோரின் ஒப்புதல், ஆண்டுதோறும் மறுஆய்வு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு, மேல்முறையீட்டு உரிமை ஆகியவை அதன் பகுதிகள். ஆசிரியர்கள் மிகுதியாகக் குறை சொல்லும் தாள் வேலை இதுதான். தன் குழந்தைக்குப் பள்ளி என்ன செய்வதாக ஒப்புக்கொண்டது என்பதை ஒரு தாய் காட்டுவதற்கு உள்ள சான்றும் இதே தாள்தான்.

சுமை பெருகும் விதம்

எந்தத் தனி விதியும் தாங்க முடியாததாக இருப்பதில்லை. விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போதே சுமை உருவாகிறது.

முதலாவதாக, ஒவ்வோர் அரசு மட்டமும் தன் பங்கைச் சேர்க்கிறது. கூட்டாட்சிச் சட்டம் ஒன்றைக் கேட்டால், தணிக்கையில் குறை வந்துவிடக் கூடாது என்று மாநிலத் துறை கூடுதலாக இரண்டைக் கேட்கிறது. வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் மாவட்டமும் ஒரு படிவத்தைச் சேர்க்கிறது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2016இல் வெளியிட்ட சிறப்புக் கல்வி குறித்த அறிக்கை, மாநிலங்களும் மாவட்டங்களும் சேர்க்கும் தேவைகள் கூட்டாட்சி அரசின் எளிமையாக்கும் முயற்சிகளைச் சிக்கலாக்குகின்றன என்று சுட்டிக்காட்டியது.

இரண்டாவதாக, ஒவ்வொரு மானியமும் தனக்கென்று தனிக் கணக்கு கேட்கிறது. ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் பாதி ஒரு மானியத்திலிருந்தும் மீதி வேறொரு மானியத்திலிருந்தும் வந்தால், அவர் எந்த நேரத்தை எந்த வேலையில் செலவிட்டார் என்பதற்கு மாதந்தோறும் கையெழுத்திட்ட அறிக்கை தர வேண்டியிருந்தது. ஒரே மானியத்தில் பணியாற்றியவரும் ஆண்டுக்கு இருமுறை சான்றளிக்க வேண்டியிருந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டாலும் தணிக்கையாளர் அந்த ஊதியத்தைக் கேள்விக்கு உட்படுத்தலாம். அந்த ஆசிரியர் நடத்திய பாடத்தால் மாணவர் பயன் பெற்றாரா என்பது இந்தத் தணிக்கையில் கேட்கப்படுவதில்லை.

மூன்றாவதாக, விதியைச் சேர்ப்பதற்கு ஆள் இருக்கிறது, நீக்குவதற்கு இல்லை. ஏதேனும் ஒரு தவறு செய்தியானால் சட்டமன்றம் புதிய விதி ஒன்றை இயற்றுகிறது. பழைய விதி இன்னும் வேண்டுமா என்று பார்ப்பது பெரும்பாலும் எவருடைய கடமையாகவும் இருப்பதில்லை.

குறைப்பதற்கான கூட்டாட்சி முயற்சிகள்

1980ஆம் ஆண்டின் தாள் வேலைக் குறைப்புச் சட்டம் எல்லாக் கூட்டாட்சித் துறைகளுக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரிடம் ஒரே மாதிரியான தகவலைத் திரட்ட விரும்பும் துறை, அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, மேலாண்மை மற்றும் வரவு செலவுத் திட்ட அலுவலகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். இச்சட்டம் ஒவ்வொரு படிவத்தையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறது. எல்லாப் படிவங்களும் சேர்ந்து ஒரு சிறு மாவட்டத்தின் மேல் விழும் மொத்த எடையை அது அளப்பதில்லை.

1981இல் ரீகன் ஆட்சியில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு கல்வித் திட்டங்கள் ஒரே தொகுப்பு மானியமாக இணைக்கப்பட்டன. தனித்தனி விண்ணப்பங்கள் குறைந்தன. ஆனால் நோக்கம் தெளிவில்லாத தொகுப்பு நிதிக்கு ஆதரவாகப் பேசுவோரும் குறைவாகவே இருப்பர் என்பது இத்தகைய மானியங்கள் குறித்து வழக்கமாகச் சொல்லப்படும் குறை.

1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாவட்டங்களுக்குச் சில கூட்டாட்சி விதிகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கே வழங்க வழி செய்தது. சில மாநிலங்களில் மட்டும் சோதனையாக இருந்த இத்திட்டத்தை அது எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. குடியுரிமைகள் தொடர்பான விதிகளுக்கு விலக்கு கிடையாது.

2002இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் எதிர்த் திசையில் சென்றது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பு, கணிதத் தேர்வுகள் கட்டாயமாயின. 2014ஆம் ஆண்டுக்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி பெற வேண்டும் என்று அது இலக்கு வைத்தது. இலக்கைத் தவறவிட்ட பள்ளிகள்மீது படிப்படியாக நடவடிக்கை எடுக்கவும் வகை செய்தது. எட்ட முடியாத இலக்கு என்பது தெளிவானபின் 2011 முதல் ஒபாமா ஆட்சி மாநிலங்களுக்கு விலக்கு வழங்கத் தொடங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலக்குப் பெற்றன. ஆனால் அதற்கு ஈடாக, மாணவர் முன்னேற்றத்தையும் கணக்கில் எடுக்கும் புதிய ஆசிரியர் மதிப்பீட்டு முறையை அவை ஏற்க வேண்டியிருந்தது. ஒரு சுமையை இறக்கிய கையே மற்றொன்றை ஏற்றியது.

2015 திசம்பரில் கையெழுத்தான 'ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெறும்' சட்டம், தேர்வுகளை வைத்துக்கொண்டு, பின்தங்கிய பள்ளிகளை எப்படி மேம்படுத்துவது என்னும் முடிவை மாநிலங்களிடமும் மாவட்டங்களிடமும் விட்டது. 1970 முதல் இருந்த கூடுதல் நிதி விதியையும் அது மாற்றி அமைத்தது. அதுவரை ஒவ்வொரு செலவும் கூடுதலானதுதான் என்று மாவட்டம் தனித்தனியாக நிறுவ வேண்டியிருந்தது. இச்சட்டத்துக்குப் பின், தன் மாநில, உள்ளூர் நிதியை எந்த முறையில் பள்ளிகளுக்குப் பங்கிடுகிறது என்பதைக் காட்டினால் போதும். கூட்டாட்சி நிதி பெறுகிறது என்பதற்காக எந்தப் பள்ளியின் பங்கும் குறைக்கப்படவில்லை என்பது அதில் தெரிய வேண்டும். பாதுகாப்பு நீடித்தது, அதை மெய்ப்பிக்கும் வேலை குறைந்தது.

கூட்டாட்சி மானியங்களுக்கான பொதுவான கணக்கு விதிகளும் 2014 திசம்பரில் மாற்றப்பட்டன. ஊழியர் நேரத்தைக் குறித்த வடிவத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, நம்பத்தக்க உள்கட்டுப்பாடு இருந்தால் போதும் என்றாயிற்று. தனித் தணிக்கை தேவைப்படும் செலவு வரம்பு 5 இலட்சம் டாலரிலிருந்து 7.5 இலட்சம் டாலராக அப்போது உயர்ந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10 இலட்சம் டாலராக்கப்பட்டது.

சிறப்புக் கல்வியில் கிடைத்த படிப்பினை

2004ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது தாள் வேலையைக் குறைக்கச் சில வழிகள் சேர்க்கப்பட்டன. பெரும்பாலான மாணவர்களுக்குக் குறுகிய கால இலக்குகளை எழுதும் கட்டாயம் நீக்கப்பட்டது. பெற்றோரும் பள்ளியும் ஒப்புக்கொண்டால், கூட்டம் கூட்டாமலேயே ஆண்டின் இடையில் திட்டத்தைத் திருத்தலாம் என்றாயிற்று. இவற்றுடன், 15 மாநிலங்கள் வரை தாள் வேலை விலக்கைச் சோதித்துப் பார்க்கவும் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சோதனைக்கு எந்த மாநிலமும் விண்ணப்பிக்கவில்லை. விலக்கு பெறுவதற்கே நீண்ட நடைமுறை தேவைப்பட்டால் அதை நாடுவோர் இருக்க மாட்டார்கள் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

அதே 2004இல் டெக்சாஸ் மாநிலம் மாவட்டங்களைக் கண்காணிக்க ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. மொத்த மாணவர்களில் 8.5 சதவீதத்துக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்த மாவட்டத்தின் மதிப்பெண் குறையும், கூடுதல் ஆய்வுக்கு உள்ளாகும். ஆய்வைத் தவிர்க்க விரும்பிய மாவட்டங்கள் குழந்தைகளைச் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டன, மறுத்தன. தொடக்கத்தில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த பங்கு 2015 அளவில் 8.5 சதவீதத்துக்கு இறங்கியது. 2016இல் ஹியூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் இத்தகைய உச்சவரம்பைத் தடை செய்தது. 2018 சனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, மாநிலம் சட்டத்தை மீறியது என்று முடிவு கூறியது. அது வெறும் கண்காணிப்புக் குறியீடு. தடை என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஆய்வு என்ற சுமைக்கு அஞ்சிய மாவட்டங்கள் அதைத் தடையாகவே நடத்தின. விலை கொடுத்தவர்கள் உதவி கிடைக்காமல் வளர்ந்த குழந்தைகள்.

உணவு விண்ணப்பமும் நேரடிச் சான்றும்

சுமைக் குறைப்பால் குழந்தைகளே நேரடியாகப் பயன்பெற்ற துறை பள்ளி உணவு. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மதிய உணவுத் திட்டத்தில், குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாணவருக்கு இலவச உணவோ குறைந்த விலை உணவோ கிடைக்கும். இதற்கு ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பம் தர வேண்டும். பள்ளி அவற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு நாளும் எந்த வகையில் எத்தனை தட்டு வழங்கப்பட்டது என்று எண்ண வேண்டும். படிவத்தை நிரப்பத் தெரியாத பெற்றோரின் பிள்ளையும், வெட்கத்தால் நிரப்பாத பெற்றோரின் பிள்ளையும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு மாற்றங்கள் வந்தன. உணவு உதவித் திட்டத்தில் ஏற்கெனவே பதிவான குடும்பங்களின் பட்டியலைப் பள்ளிப் பட்டியலுடன் ஒப்பிட்டு, விண்ணப்பமின்றியே குழந்தைகளைச் சேர்க்கும் நேரடிச் சான்று முறையை 2004ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. அடுத்து, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இவ்வாறு அடையாளம் காணப்பட்ட மாணவர் 40 சதவீதம் இருந்தால் பள்ளியே எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கலாம். விண்ணப்பம் தேவையில்லை. அடையாளம் காணப்பட்டோர் விகிதத்தை 1.6ஆல் பெருக்கி, அந்த அளவு தட்டுகளுக்கு அரசு இலவச உணவுக்கான முழுத் தொகையைத் தரும். 2014-15 கல்வியாண்டில் இது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 2022-23இல் 40,000க்கும் மேற்பட்ட பள்ளிகள் இதில் இருந்தன. 2023இல் வரம்பு 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

இதிலும் ஒரு பக்கவிளைவு ஏற்பட்டது. உணவு விண்ணப்பங்களை வைத்தே ஏழை மாணவர் எண்ணிக்கையைக் கணக்கிட்டு வேறு பல நிதிகளும் பங்கிடப்பட்டு வந்தன. விண்ணப்பம் நின்றதும் அந்த எண்ணிக்கைக்காகக் கலிபோர்னியா போன்ற இடங்களில் மாவட்டங்கள் மாற்று வருமானப் படிவங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஒரு படிவத்தை நீக்கும்முன் அதைச் சார்ந்திருப்பவை எவை என்று பார்க்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

கலிபோர்னியா: நிதியில் விடுதலை, திட்டத்தில் சுமை

கலிபோர்னியாவில் மாநில நிதியின் ஒரு பகுதி நெடுங்காலம் குறிப்பிட்ட நோக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட சிறு சிறு திட்டங்களாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனிக் கணக்கு. 2013இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதிச் சூத்திரம் அறிமுகமானது. ஒவ்வொரு மாணவருக்கும் அடிப்படைத் தொகை உண்டு. ஏழை மாணவர், ஆங்கிலம் கற்போர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கு 20 சதவீதம் கூடுதல். இத்தகையோர் 55 சதவீதத்துக்கு மேல் உள்ள மாவட்டங்களுக்கு மேலும் ஒரு கூடுதல் தொகையும் கிடைக்கும்.

பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதை மாவட்டமே முடிவு செய்யலாம். ஆனால் பெற்றோர், ஆசிரியர் ஆகியோரைக் கலந்து மூன்றாண்டுத் திட்ட ஆவணம் ஒன்றை எழுதி, ஆண்டுதோறும் புதுப்பித்து, கவுண்டி கண்காணிப்பாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். மக்கள் எளிதாகப் படித்துக் கேள்வி கேட்பதற்காகத் திட்டமிடப்பட்ட அந்த ஆவணம் பல மாவட்டங்களில் நூறு பக்கங்களைத் தாண்டியது. பின்னர், அதைப் பெற்றோருக்கு விளக்க இன்னொரு சுருக்க ஆவணமும் கட்டாயமாக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், கூடுதல் நிதி உரிய மாணவர்களுக்குத்தான் பயன்பட்டது என்பதை உறுதி செய்ய முடியவில்லை என்று மாநிலத் தணிக்கையாளர் 2019இல் கூறினார். செலவாகாமல் எஞ்சிய கூடுதல் நிதி அடுத்த ஆண்டில் பொது நிதியாகக் கருதப்பட்டதும் அவர் சுட்டிய குறைகளுள் ஒன்று. பக்கங்கள் நிறைந்திருந்தும், கேட்க வேண்டிய ஒரு கணக்கு கேட்கப்படாமல் இருந்தது.

டெக்சாஸ்: விலக்கின் எல்லை

டெக்சாஸ் 2015இல் 'புதுமை மாவட்டம்' என்னும் ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. உள்ளூர்க் குழு ஒரு திட்டம் வகுத்து, கல்வி வாரியம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ஏற்றால், ஐந்து ஆண்டு வரை பல மாநில விதிகளிலிருந்து அந்த மாவட்டம் விலகி நிற்கலாம். ஆகத்து நான்காம் திங்கட்கிழமைக்கு முன் பள்ளி திறக்கக் கூடாது என்ற விதியிலிருந்து விலகிய மாவட்டங்கள் மிகப் பல. இதனால் எவருக்கும் தீங்கில்லை. அரையாண்டுத் தேர்வை விடுமுறைக்கு முன்பே முடிக்க முடிந்தது. நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 மாணவருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியிலிருந்தும் விலக முடிந்தது.

ஆசிரியர் தகுதிச் சான்று விதியிலிருந்து விலகியதன் விளைவு வேறு. சிற்றூர்களில் தொழிற்கல்விப் பாடத்துக்கு அனுபவமுள்ள ஒரு பற்றவைப்பாளரை நியமிக்க இது உதவியது. ஆசிரியர் பற்றாக்குறை முற்றியபோது, தொடக்க வகுப்புகளுக்கும் சான்று இல்லாதோர் பெருமளவில் நியமிக்கப்பட்டனர். 2025இல் சட்டமன்றம் முதன்மைப் பாடங்களில் இத்தகைய நியமனங்களைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்றியது. ஒரே சட்டத்தில் கிடைத்த இரண்டு விலக்குகளுள் ஒன்று தேவையற்ற விதியை நீக்கியது, மற்றொன்று தேவையான விதியையும் சேர்த்து நீக்கியது.

நிதியில்லாக் கட்டளைகள்

கட்டளையை ஓர் அரசு இட, செலவை மற்றோர் அமைப்பு ஏற்பதே மாவட்டங்களின் பெரிய மனக்குறை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில், சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிப் பங்காக ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தரப்படும் என்று வரையறுக்கப்பட்டது. அந்த அளவு ஒருமுறைகூட எட்டப்படவில்லை.

சில மாநிலங்களில் அரசியலமைப்பே இதற்குத் தடை போட்டுள்ளது. மிச்சிகனில் 1978இல் வாக்காளர் ஏற்ற ஹெட்லீ திருத்தம், மாநிலம் புதிய கடமைகளை உள்ளூர் அமைப்புகள் மீது சுமத்தினால் அதற்கான செலவையும் தர வேண்டும் என்கிறது. ஏற்கெனவே இருந்த கட்டாயப் பணிகளுக்குத் தரும் பங்கைக் குறைக்கவும் கூடாது. இதை வைத்து 1980இல் தொடங்கிய டூரண்ட் வழக்கில், 84 பள்ளி மாவட்டங்களுக்குச் சாதகமாக மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்புகளில் இருந்திருக்கும்.

கலிபோர்னியாவிலும் 1979ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய உரிமையைத் தருகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆன செலவைத் தனித்தனியாக விண்ணப்பித்துப் பெறுவதே பெரிய தாள் வேலையாயிற்று. 2012-13 முதல் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே தொகையைப் பெற்றுக்கொள்ளும் மாற்று வழியும் ஏற்படுத்தப்பட்டது.

சிற்றூர் மாவட்டங்களுக்கான ஏற்பாடு

போட்டி முறையில் வழங்கப்படும் மானியங்களைத் திறமையாக விண்ணப்பம் எழுதத் தெரிந்த மாவட்டங்களே பெரும்பாலும் பெறும். எழுத ஆள் இல்லாத சிற்றூர் மாவட்டம் தேவை இருந்தும் பின்தங்கும். இதற்காக ஊரகக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. அதன் ஒரு பிரிவில், நாள்தோறும் சராசரியாக 600க்கும் குறைவான மாணவர் வரும் ஊரக மாவட்டங்களுக்குப் போட்டியின்றிச் சூத்திரப்படி நிதி கிடைக்கிறது. வேறு சில கூட்டாட்சி மானியங்களாக வரும் சிறு தொகைகளைத் தம் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தவும் அவற்றுக்கு அனுமதி உண்டு. எல்லா மாவட்டங்களுக்கும் விதியைத் தளர்த்தாமல், சுமை மிகுதியாக அழுத்தும் இடத்தில் மட்டும் தளர்த்துவது இதன் சிறப்பு.

தேவையற்ற சுமையை இனங்காணல்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, ஒரு விதியை நீக்கும்முன் கேட்க வேண்டிய சில கேள்விகளைத் தொகுக்கலாம்.

1. இந்த விதி யாரைப் பாதுகாக்க எழுதப்பட்டது? அந்தத் தேவை இன்னும் இருக்கிறதா?
2. திரட்டும் தகவலை யாரேனும் படித்து முடிவெடுக்கிறார்களா?
3. இதே தகவல் வேறு துறையிடம் ஏற்கெனவே இருக்கிறதா?
4. இதே பாதுகாப்பைக் குறைந்த வேலையில் தர முடியுமா?
5. விதி நீங்கினால், தவறு நடந்ததைக் கண்டுபிடிக்கும் வழி எஞ்சியிருக்குமா?
6. இதற்கான செலவை ஏற்பவர் யார்?

பள்ளி திறக்கும் நாள் குறித்த விதி முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். உணவு விண்ணப்பம் மூன்றாவதில் விழும். ஒவ்வொரு செலவுக்கும் தனி விளக்கம் கேட்ட பழைய நடைமுறை நான்காவதில் விழும். தனிநபர் கல்வித் திட்டம் ஐந்தாவது கேள்வியில் நின்றுவிடும். அதன் பக்கங்களைக் குறைக்கலாம், அதையே இல்லாமல் செய்தால் பெற்றோரிடம் சான்று இருக்காது.

மாறுபட்ட கருத்துகள்

சுமைக் குறைப்பை வலியுறுத்துவோர், தம் மாணவர்களை நன்கு அறிந்தவர்கள் உள்ளூர் ஆசிரியர்களும் வாரியங்களும்தான் என்றும், தவறு செய்யும் சிலருக்காக எல்லா மாவட்டங்களையும் ஐயத்தோடு நடத்தக் கூடாது என்றும் கூறுகின்றனர். குடியுரிமை அமைப்புகளும் மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் அமைப்புகளும் 1969ஆம் ஆண்டு அறிக்கையை நினைவூட்டுகின்றன. உள்ளூர் வாரியத்தில் குரல் இல்லாத குடும்பங்களுக்கு மேலிருந்து வரும் விதியே துணை என்பது அவர்களின் வாதம்.

இரு தரப்பும் சொல்வதற்கு வரலாற்றில் சான்று உண்டு. நிலைத்து நின்ற சீர்திருத்தங்களான நேரடிச் சான்று முறையும், 2015இல் எளிமையாக்கப்பட்ட கூடுதல் நிதி விதியும் ஒரு பொதுத் தன்மை கொண்டவை. அவை குழந்தைக்கு உரியதைக் குறைக்காமல், அது அவரைச் சென்றடைய நிரப்ப வேண்டிய தாள்களை மட்டும் குறைத்தன.